விவசாயக் கணக்கெடுப்பில் வீட்டு ஆட்களைப் பதிவது எப்படி? கடலூர், புதுச்சேரி களப்பணிக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

பட்டா, இறந்துபோன தாத்தா பெயரில் இருக்கிறது. குடும்ப அட்டையில் தலைவி அம்மா. சொசைட்டிக் கடன் மூத்த மகன் பெயரில். அந்த மகனோ சிங்கப்பூரில். வயலுக்குத் தண்ணீர் கட்டுவது, நடவுக்கு ஆள் கூப்பிடுவது, கூலி எண்ணிக் கொடுப்பது எல்லாம் மருமகள். கணக்கெடுக்கப் போனவர் கையில் உள்ள படிவத்தில் ‘விவசாயியின் பெயர், பாலினம், வயது’ என்று மூன்று கட்டங்கள். யாரை எழுதுவது?

பெரும்பாலும் தாத்தாவை எழுதிவிட்டு வந்துவிடுகிறார்கள், அல்லது திண்ணையில் உட்கார்ந்திருந்த ஆணை. பிறகு அந்தத் தரவை வைத்து ‘விவசாயிகளுக்கு வயதாகிவிட்டது’, ‘பெண்கள் விவசாயத்தில் குறைவு’ என்று அறிக்கை வருகிறது.

இந்தியாவில் வேளாண் கணக்கெடுப்பு 1970–71 முதல் ஐந்தாண்டுக்கு ஒருமுறை நடக்கிறது. 11ஆவது சுற்றின் ஆதார ஆண்டு 2021–22. கைபேசியும் டேப்லெட்டும் முதன்முதலாக அந்தச் சுற்றில்தான் வந்தன. கணக்கெடுப்பின் மூன்று நிலைகளில் முதல் நிலை பட்டியல் எடுப்பு. அதில் சாகுபடி செய்பவரைப் பற்றிப் பதிவது பாலினமும் சமூகப் பிரிவும்தான். பாலினம்கூட 1995–96 சுற்றில்தான் சேர்ந்தது. 2015–16 கணக்கில் நாடு முழுவதும் பெண் சாகுபடியாளர் 13.96 விழுக்காடு. நாற்றங்காலில் குனிந்து நிற்பவர்களைப் பார்த்த யாருக்கும் இந்த எண் இடிக்கும். இடிப்பதற்குக் காரணம், ‘சாகுபடியாளர்’ கட்டத்தில் யார் பெயர் ஏறியது என்பது.

ஐ.நா. உணவு, வேளாண்மை அமைப்பு வகுத்த உலக வேளாண் கணக்கெடுப்பின் 2020ஆம் ஆண்டுச் சுற்றில் உள்ள 15 தலைப்புகளில், வீட்டு ஆட்களின் மக்கள்தொகை, சமூக விவரம் ஒரு தனித் தலைப்பு; வீட்டுக்குள் முடிவெடுப்பதும் உடைமையும் இன்னொன்று. உழவர் உற்பத்தியாளர் நிறுவனம், ஊராட்சி, தொண்டு அமைப்பு, கிராமத் தங்கல் பயிற்சிக்கு வரும் வேளாண் கல்லூரி மாணவர்கள் என்று யார் இதை உள்ளூரில் எடுத்தாலும் கீழ்க்கண்ட வரிசையில் போனால் தரவு நிற்கும்.

முதல் வேலை: மூன்று அலகுகளைப் பிரிப்பது

வீடு, கைப்பற்று, சாகுபடியாளர். இந்த மூன்றும் மூன்று பொருள்.

வீடு என்றால் ஒரே சமையலில் சாப்பிட்டு, வழக்கமாகச் சேர்ந்து வாழ்பவர்கள். கூரை அளவுகோல் ஆகாது, குடும்ப அட்டையும் ஆகாது. ஒரே வாசலில் அண்ணன் தம்பி இருவர் தனித்தனியே சமைத்தால் இரண்டு வீடு. மாமியாருக்குத் தனி அட்டை இருந்தும் மருமகள் ஆக்கும் சோற்றைத்தான் சாப்பிடுகிறார் என்றால் ஒரே வீடு. கேட்க வேண்டிய கேள்வி: “சமையல் ஒண்ணாவா, தனித்தனியாவா?” இதையே “பாகம் பிரிச்சாச்சா?” என்று கேட்டுவிடாதீர்கள். அது சொத்தைப் பற்றிய கேள்வி. பாகம் பிரிக்காமலே தனிச் சமையல் வைத்தவர்களும், பிரித்த பிறகும் ஒன்றாகச் சாப்பிடுபவர்களும் எல்லா ஊரிலும் உண்டு. கேள்வி கேட்டவுடன் வீட்டுக்குள் ஒரு சண்டையும் கிளம்பலாம்.

கைப்பற்று என்பது, ஒரே நிர்வாகத்தின் கீழ் சாகுபடி நடக்கும் நிலம் முழுவதும். யார் பெயரில் பத்திரம், எத்தனை துண்டு, எங்கே இருக்கிறது என்பதைப் பார்ப்பதில்லை. சொந்த நிலத்தோடு குத்தகைக்கும் வாரத்துக்கும் எடுத்தது, போக்கியத்துக்குப் பிடித்தது, கோயில் நிலம் எல்லாம் இதில் சேரும். குத்தகைக்கு விட்டுவிட்ட சொந்த நிலம் சேராது. அது எடுத்தவருடைய கைப்பற்று.

சாகுபடியாளர் என்பவர் என்ன பயிர், எப்போது, யாரைக் கொண்டு என்று முடிவெடுத்து, அதன் பொறுப்பையும் ஏற்பவர். அவர் வீட்டுத் தலைவராக இருக்க வேண்டியதில்லை, பட்டாதாரராகவும் இருக்க வேண்டியதில்லை. இரண்டு பேர் சேர்ந்து முடிவெடுத்தால் இரண்டு பேரையும் எழுத படிவத்தில் இடம் வையுங்கள்.

ஆகவே படிவத்தில் ‘விவசாயி பெயர்’ என்ற கட்டமே வேண்டாம். வீட்டு ஆட்கள் பட்டியலை முதலில் முடித்து, ஒவ்வொருவருக்கும் வரிசை எண் கொடுங்கள். வீட்டுத் தலைவர் எண், பட்டாதாரர் எண், சாகுபடியாளர் எண் என்று பிறகு எண்களால் இணையுங்கள். பட்டாதாரர் இறந்திருந்தால் 98, வேறு வீட்டில் இருந்தால் 97 என்று குறியீடு. தாத்தா கணக்கில் நுழையும் வழி இதோடு அடைபடும்.

எந்த வீடுகளுக்குப் போவது?

கிராம நிர்வாக அலுவலரிடம் உள்ள சிட்டா, அடங்கல் நல்ல தொடக்கம். சிட்டா உரிமையைச் சொல்லும். அடங்கல் எந்த சர்வே எண்ணில் என்ன பயிர் என்பதைச் சொல்லும். அங்கேயே நின்றுவிட்டால் குத்தகைதாரர் காணாமல் போவார். பி.எம். கிசான் பட்டியலும் அப்படியே: ஆண்டுக்கு 6,000 ரூபாய் நில உரிமையாளருக்குப் போகிறது, அடுத்தவர் நிலத்தில் உழுபவருக்கு இல்லை. பட்டாவை அடியாகக் கொண்ட பட்டியல் எதுவானாலும் ஓட்டை ஒரே இடத்தில்தான் இருக்கும்.

அதனால் தெருத் தெருவாக நடந்து வீட்டுப் பட்டியல் எடுங்கள். ஊர், காலனி, வயல்வெளிக் கொட்டகைகள், ஏரிக்கரைக் குடியிருப்பு எதையும் விடக்கூடாது. ஒவ்வொரு வீட்டிலும் நாலே கேள்வி: எத்தனை பேர், கடந்த ஆண்டில் யாராவது பயிர் வைத்தீர்களா, ஆடு மாடு கோழி உண்டா, நிலம் இருந்தும் பயிர் வைக்காமல் விட்டீர்களா. 300 வீடு உள்ள ஊருக்கு இரண்டு பேர் மூன்று நாளில் முடித்துவிடலாம். முடித்ததும் அடங்கலோடு ஒப்பிடுங்கள். அடங்கலில் பயிர் இருக்கிறது, உங்கள் பட்டியலில் அதைச் செய்பவர் இல்லை என்றால் அவர் பக்கத்து ஊர்க்காரர், அல்லது நீங்கள் ஒரு தெருவை விட்டுவிட்டீர்கள்.

எந்த வீட்டை ‘விவசாய வீடு’ என்று எடுப்பது என்பதை எழுதி ஒட்டிவிடுங்கள். தேசிய மாதிரி ஆய்வின் 77ஆவது சுற்று (2019), ஆண்டில் 4,000 ரூபாய்க்கு மேல் விவசாய விளைபொருள் மதிப்பு இருந்து, ஒருவராவது சொந்தமாக விவசாயம் பார்த்தால் விவசாய வீடு என்றது. 2013இல் அந்த வரம்பு 3,000. வேளாண் கணக்கெடுப்போ நிலத்தை வைத்துப் பார்க்கிறது. நிலமில்லாமல் நான்கு ஆடு வளர்க்கும் வீடு முன்னதில் வரலாம், பின்னதில் வராது. இரண்டையும் ஒப்பிட்டு ‘விவசாயிகள் குறைந்துவிட்டார்கள்’ என்று எழுதுவது பலாப்பழத்தையும் முந்திரிப்பழத்தையும் எண்ணிக் கூட்டுவது போல.

எல்லைச் சிக்கல்

புதுச்சேரிப் பகுதிக்கே உரிய தலைவலி இது. பிரெஞ்சு ஆட்சி விட்டுச்சென்ற எல்லை துண்டு துண்டாகத் தமிழ்நாட்டு ஊர்களுக்குள் கிடக்கிறது. வரப்புக்கு இந்தப் பக்கம் புதுச்சேரியின் பாகூர் கொம்யூன் (உள்ளாட்சிப் பகுதி), அந்தப் பக்கம் கடலூர் வட்டம். வீடு அங்கே, வயல் இங்கே. இரண்டு பக்கமும் தனித்தனியாகக் கணக்கெடுத்தால் ஒரே வீடு இரண்டு முறை வரும், அல்லது ‘அவர் அந்தப் பக்கத்து ஆள்’ என்று இருவரும் விட்டுவிடுவார்கள்.

வீட்டு ஆட்களின் விவரம் குடியிருக்கும் ஊரில் ஒரே முறை பதிவாக வேண்டும். நிலத் துண்டுகளை மட்டும் ஒவ்வொன்றுக்கும் மாநிலம், வட்டம், வருவாய்க் கிராமம், சர்வே எண்ணோடு தனி வரியில் எழுதுங்கள். அரசுக் கணக்கெடுப்பில் துண்டுகளைச் சேர்க்கும் எல்லைக்கு விதி உண்டு. பயிற்சிக் கையேட்டில் அதைப் பார்த்து, உங்கள் தரவிலிருந்து பிரித்தெடுத்துக்கொள்ளலாம். சேர்த்தே எழுதிவிட்டால் பிரிக்க முடியாது.

அளவும் அப்படியே. பட்டாவில் ஹெக்டேர், ஏர். பேச்சில் காணி, ஏக்கர், சென்ட், குழி. சிதம்பரம், காட்டுமன்னார்கோயில் பக்கம் மா. ஒரு காணி வழக்கமாக 1.32 ஏக்கர், ஒரு மா ஏறத்தாழ 33 சென்ட். ஆனால் குழி ஊருக்கு ஊர் மாறும்: 144 சதுர அடியும் குழிதான், 576 சதுர அடியும் குழிதான். சொன்ன அளவையும் அலகையும் அப்படியே எழுதி, “உங்க ஊர்ல ஒரு காணி எத்தனை சென்ட்?” என்று கேட்டு அடுத்த கட்டத்தில் எழுதுங்கள். மாற்றுவதைக் கணினி பார்த்துக்கொள்ளும்; ஒரு ஹெக்டேர் 2.471 ஏக்கர். களத்தில் மனக்கணக்குப் போடுவதுதான் பிழைகளின் தாய்.

ஆட்கள் பட்டியல்

வீட்டுப் பட்டியலில் கேட்டது போல மொத்த எண்ணிக்கையை இங்கே முதலில் கேட்காதீர்கள். “எத்தனை பேரு?” என்றால் “நாலு பேரு” என்று வரும்; அதன்பின் நாலு பேரைத்தான் சொல்வார்கள். ஆளாளாகக் கேட்டு எழுதி, கடைசியில் எண்ணுங்கள். விட்டுப்போகிறவர்கள் யார் என்று முன்கூட்டியே தெரியும்: கைக்குழந்தை, படுத்த படுக்கையான பாட்டி, விடுதியில் படிக்கும் பிள்ளை, தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு போன மருமகள், வீட்டோடு தங்கி மாடு பார்க்கும் ஆள். எழுதி முடித்ததும் இந்த ஐந்தையும் ஒவ்வொன்றாகக் கேளுங்கள்.

யார் உள்ளே, யார் வெளியே என்பதற்கு ஆறு மாத விதியை வையுங்கள். ஆறு மாதத்துக்கும் குறைவாக வெளியே இருப்பவர் வீட்டு ஆள். கரும்பு வெட்டுக்கோ செங்கல் சூளைக்கோ நான்கு மாதம் போனவர் உள்ளே. தாய்வீட்டில் இருக்கும் மருமகள் கணவன் வீட்டுக் கணக்கில். இரண்டு ஆண்டு ஒப்பந்தத்தில் சிங்கப்பூரிலோ வளைகுடாவிலோ இருப்பவர் வெளியே. வெளியே என்பதால் அவரை மறந்துவிடக்கூடாது. ‘வெளியே இருப்போர்’ என்று தனிப் பட்டியலில் இடம், போன ஆண்டு, பணம் அனுப்புகிறாரா, சாகுபடி முடிவில் தலையிடுகிறாரா என்று நான்கு கட்டம் போதும். புதுச்சேரியில் பிரான்சில் இருக்கும் உறவினர், பிரெஞ்சுப் படையில் இருந்து ‘சொல்தா’ ஓய்வூதியம் வாங்கும் பெரியவர் என்று இன்னொரு வகையும் வரும். ஓய்வூதியம் வருமானப் பகுதியில் போகட்டும். வாங்குபவர் அந்த வீட்டில் சாப்பிட்டால் ஆள் பட்டியலில் இருப்பார்.

ஒவ்வொருவருக்கும் தலைவரோடு உறவு, பாலினம், வயது, திருமண நிலை, கல்வி, விவசாயப் பயிற்சி. உறவைக் கேட்கும்போது ‘தலைவர்’ யார் என்பதை வீட்டார் சொல்வதையே எடுங்கள். விவாதிக்க வேண்டாம், அதில் தொங்குவது உறவுக் குறியீடு மட்டுமே. ‘மகன்’ ஒரு குறியீடு, ‘மருமகன்’ வேறு குறியீடு. ‘பேரன்’ என்றால் மகன் வழியா மகள் வழியா என்று கேட்டுவிடுங்கள், நிலம் யார் வழியில் இறங்கும் என்பது பிறகு தேவைப்படும். கணவன் விட்டுப்போன பெண்ணைப் பற்றி ஊரார் பயன்படுத்தும் சொல்லை நீங்கள் பயன்படுத்தாதீர்கள். ‘பிரிந்து வாழ்கிறார்’ என்பது குறியீடு, கேட்பது, “வீட்டுக்காரர் இங்க இருக்காரா, வெளியூரா, தனியா இருக்கீங்களா?”

வயது

வயதுதான் மிக அதிகம் கெடும் தரவு. ஆதாரைப் பார்த்து எழுதலாம் என்று தோன்றும். பெரியவர்கள் பலரின் அட்டையில் சனவரி 1 இருக்கும், நடுவயதினரின் அட்டையில் பள்ளியில் சேர்க்கும்போது கொடுத்த மே, ஜூன் தேதி இருக்கும். அட்டை ஒரு சான்று. அதையே உண்மை என்று கொள்ள வேண்டாம்.

நிகழ்ச்சியை வைத்துக் கேளுங்கள். 70 தாண்டியவரிடம்: புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரர் நிர்வாகத்தை ஒப்படைத்த 1954 நவம்பர், 1969இல் அண்ணா இறந்தது. 50, 60 வயதினரிடம்: எம்.ஜி.ஆர். முதலமைச்சரானது 1977, இறந்தது 1987 டிசம்பர். அதற்குக் கீழே 2004 சுனாமி, 2011 டிசம்பர் 30 தானே புயல், 2015 நவம்பர் வெள்ளம். பண்ருட்டி முந்திரிக்காட்டுக்காரர்களுக்குத் தானே புயல் ஆணியடித்தது போல நினைவிருக்கும்; காடு மொத்தமாகச் சாய்ந்தது அன்றுதான். “தானே அடிச்சப்ப மூத்த புள்ள எத்தனாவது படிச்சுது?” என்றால் பிள்ளையின் வயதும் கிடைக்கும், தாயின் வயதைச் சரிபார்க்க ஒரு பிடியும் கிடைக்கும்.

களத்தில் ஒரு வாரம் முடிந்ததும், வயதுகள் 0, 5இல் முடியும் எண்களில் குவிவதை அளக்கும் விப்பிள் குறியீட்டைப் போட்டுப் பாருங்கள். 23 முதல் 62 வயது வரை உள்ளவர்களை எடுத்து, அதில் 0, 5 என முடியும் வயதினரை எண்ணி, 5ஆல் பெருக்கி, மொத்தத்தால் வகுத்து, 100ஆல் பெருக்குங்கள். 100 வந்தால் குவியல் இல்லை. 125 தாண்டினால் தரவு கரடுமுரடு. 175 தாண்டினால் வயது கேட்கப்படவில்லை, ஊகிக்கப்பட்டிருக்கிறது. 200 பேரில் 76 பேர் 0, 5இல் முடிந்தால் 190. மொத்தத்துக்குப் போடுவதைவிடக் கணக்கெடுப்பாளர் ஒவ்வொருவருக்கும் தனியாகப் போடுங்கள். யார் ‘ஒரு நாப்பது இருக்குமா?’ என்று கேட்டு எழுதுகிறார் என்பது வெளிவந்துவிடும்.

இன்னொரு திருட்டும் உண்டு. 15 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு மட்டும் வேலைப் பகுதி என்று படிவம் இருந்தால், ஊரில் 14 வயதுப் பிள்ளைகள் திடீரென்று பெருகுவார்கள். ஒரு ஆள் குறைந்தால் கணக்கெடுப்பாளருக்குப் பத்து நிமிட வேலை மிச்சம். 12 முதல் 17 வரை ஒவ்வொரு வயதிலும் எத்தனை பேர் என்று பாருங்கள். 14இல் மேடும் 15இல் பள்ளமும் தெரிந்தால், வயது தள்ளப்பட்டிருக்கிறது.

கல்வி

‘பத்தாவது’ என்றால் தேறியதா, படித்துக்கொண்டிருப்பதா, பாதியில் நின்றதா? முடித்த வகுப்பைத்தான் எழுத வேண்டும். தமிழ்நாட்டில் 1978க்கு முன் எஸ்.எஸ்.எல்.சி. என்பது 11ஆம் வகுப்பு, அதை முடித்தவர் அடுத்துப் படித்தது பி.யூ.சி. (புகுமுக வகுப்பு). இப்போதைய பத்தாவதோடு அதை ஒன்றாக்கினால் பெரியவர்களின் கல்வி ஓராண்டு குறையும். புதுச்சேரியில் பிரெஞ்சுப் பள்ளியில் படித்த முதியவருக்கு வகுப்பு எண்ணே பொருந்தாது. படித்த ஆண்டுகளைக் கேட்டு எழுதுங்கள். விவசாயப் பயிற்சி என்பதில் ஒரு நாள் கூட்டத்தில் பிஸ்கட் சாப்பிட்டு வந்ததைச் சேர்க்கக் கூடாது. எந்தத் தலைப்பு, எத்தனை நாள் என்று கேட்டால் அது தானே உதிர்ந்துவிடும்.

வேலை

“அம்மா என்ன பண்றாங்க?” “சும்மாதான் இருக்காங்க.” இந்த விடையைப் படிவத்தில் ஏற்றினால் கணக்கெடுப்பே வீண். அந்த ‘சும்மா’வுக்குள் நாற்று பறிப்பது, களை எடுப்பது, முந்திரிக்கொட்டை பொறுக்குவது, நெல் காயவைப்பது, மாட்டுக்குப் புல் அறுப்பது, பால் ஊற்றுவது எல்லாம் இருக்கும். ஆகவே வேலைப் பெயர்களைப் படித்துக் காட்டி ஒவ்வொன்றுக்கும் ஆம், இல்லை வாங்குங்கள். பத்துப் பன்னிரண்டு வேலைகள் போதும்; ஆனால் ஊருக்கு ஏற்றபடி. பண்ருட்டிக்கு முந்திரியும் பலாவும், நெல்லிக்குப்பம் பக்கம் கரும்பு, காட்டுமன்னார்கோயிலுக்கு நடவு, பாகூருக்கு நெல். எல்லா ஊருக்கும் ஒரே பட்டியல் வைத்தால் பண்ருட்டிப் பெண்கள் மீண்டும் ‘சும்மா’ இருப்பார்கள்.

காலத்தையும் கட்டுங்கள். ‘கடந்த ஆண்டு’ என்றால் ஒவ்வொருவர் மனத்திலும் ஒவ்வோர் ஆண்டு. வேளாண் ஆண்டு ஜூலை முதல் ஜூன் வரை. நம் பசலியும் (வருவாய்க் கணக்கின் ஆண்டு) அதுவே. 2021–22 என்பது 1431ஆம் பசலி. பசலி என்றால் விவசாயிக்கும் கிராம நிர்வாக அலுவலருக்கும் உடனே பிடிபடும். அதற்குள் குறுவை, சம்பா, நவரை என்று போகம் போகமாகக் கேளுங்கள். “சம்பாவுல எத்தனை நாள் நம்ம வயல்ல இறங்குனீங்க?” என்ற கேள்விக்கு ஒரு பெண் விரலை மடக்கிப் பதில் சொல்வார், “ஆண்டுக்கு எத்தனை நாள்?” என்றால் கூரையைப் பார்ப்பார்.

சொந்த வயல், பிறர் வயல் கூலி, நூறு நாள் வேலை, விவசாயம் அல்லாத வேலை என நான்கும் தனித்தனி. ஒருவருக்கு நான்கும் இருக்கலாம். ஆளுக்கு ஆள் மாற்றிச் செய்துகொள்ளும் வேலை கூலி இல்லாததால் விட்டுப்போகும். அது பிறர் வயல் வேலையாகவே, ‘பணமின்றி’ என்ற குறியோடு போகட்டும்.

முடிவும் உடைமையும்

சாகுபடியாளர் யார் என்று நேரடியாகக் கேட்டால் ஆணின் பெயர்தான் வரும். பெண்ணிடம் கேட்டாலும் அப்படியே. அதனால் முடிவுகளாக உடைத்துக் கேளுங்கள்: என்ன பயிர் வைப்பது என்று யார் சொன்னது? விதை யார் வாங்கியது? ஆள் யார் கூப்பிட்டது? கடன் எங்கே வாங்குவது என்று யார் முடிவு செய்தது? நெல்லை நேரடிக் கொள்முதல் நிலையத்துக்கா வியாபாரிக்கா என்று யார் சொன்னது? பணம் யார் கைக்கு வந்தது? ஆறிலும் ஆள் வரிசை எண்ணை எழுதுங்கள், இருவர் என்றால் இரண்டு எண். மேலே சொன்ன சிங்கப்பூர் வீட்டில் பயிரும் கடனும் தொலைபேசியில் கணவர் சொன்னதாகவும், மற்ற நான்கும் மருமகளுடையதாகவும் வரலாம். அப்போது இருவரும் சாகுபடியாளர். இதில் தயங்க ஒன்றுமில்லை. தாத்தாவை எழுதுவதைவிட எவ்வளவோ மேல்.

உடைமைக்கு மூன்று தனிக் கேள்விகள்: பத்திரத்திலோ பட்டாவிலோ பெயர் இருக்கிறதா, விற்கும் உரிமை உண்டா, பிள்ளைகளுக்கு எழுதிவைக்கும் உரிமை உண்டா. நிலையான வளர்ச்சி இலக்குகளில் பெண்களின் நில உரிமையை அளக்கும் 5.அ.1 குறியீடு இந்த மூன்றையும்தான் பார்க்கிறது. 2005இல் திருத்தப்பட்ட இந்து வாரிசுரிமைச் சட்டம் மகளுக்கும் மகனுக்கும் சம உரிமை தந்திருக்கிறது. சட்டத்தில் இருப்பதை நீங்கள் எழுத வேண்டாம், வீட்டில் இருப்பதை எழுதுங்கள். முடிந்தவரை பெண்ணிடம் பெண் கணக்கெடுப்பாளர், தனியாக. கணவர் பக்கத்தில் நின்றால் மூன்றுக்கும் விடை அவர் வாயிலிருந்து வரும். “குடிக்கக் கொஞ்சம் தண்ணி கிடைக்குமா?” என்று கொல்லைப்பக்கம் நகர்வது பழைய உத்தி, இன்றும் பலிக்கிறது.

குத்தகையை ஏன் மறைக்கிறார்கள்?

குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டம் 1955 முதல் இருக்கிறது. எழுத்தில் வந்தால் குத்தகைதாரர் உரிமை கோருவார் என்று நிலக்காரருக்குப் பயம். சொன்னால் அடுத்த போகம் நிலம் கிடைக்காது என்று குத்தகைதாரருக்குப் பயம். இருவரும் வாய்மொழியில் முடித்துக்கொள்கிறார்கள். “குத்தகை நிலம் இருக்கா?” என்றால் “இல்லை” என்பது தயாராக இருக்கும்.

வேறு வாசல் வழியாக நுழையுங்கள். பயிர் செய்த எல்லாத் துண்டுகளையும் முதலில் வரிசையாகச் சொல்ல வையுங்கள்: ஏரியடி, மேட்டுக்கொல்லை, கோயில் வயல். பிறகு ஒவ்வொன்றுக்கும் “விளைஞ்சதுல யாருக்காவது பங்கு கொடுக்கணுமா, மூட்டை அளக்கணுமா, பணமா கொடுக்கணுமா?” என்று கேளுங்கள். நிலக்காரர் பெயரைக் கேட்காதீர்கள், தேவையும் இல்லை.

ஒரு கணக்கு. குறிஞ்சிப்பாடி வட்டத்தில் ஒரு வீட்டுக்குச் சொந்தம் 80 சென்ட், குத்தகை 2 காணி என்று வையுங்கள். சொந்தம் 0.32 ஹெக்டேர், 2 காணி 2.64 ஏக்கர், அதாவது 1.07 ஹெக்டேர், மொத்தம் 1.39. குத்தகையை மறைத்தால் இவர் 1 ஹெக்டேருக்குக் கீழான குறு விவசாயி. சொன்னால் 1 முதல் 2 ஹெக்டேர் வரையான சிறு விவசாயி. இவர் வீட்டில் மூன்று பேர் முழுநேரமும் வயலில் நிற்பது 80 சென்ட்டுக்கு எப்படிப் பொருந்தும் என்று மேற்பார்வையாளர் கேட்டாலே குத்தகை வெளியே வரும். ஆள் கணக்கும் நிலக் கணக்கும் ஒன்றையொன்று காட்டிக்கொடுக்கும்.

நிலத்தைக் குறைத்துச் சொல்ல இன்னொரு காரணம் புதிது. தமிழ்நாட்டில் மகளிர் உரிமைத்தொகைக்கு நன்செய் 5 ஏக்கர், புன்செய் 10 ஏக்கர் என்று வரம்பு. மாதம் 1,000 ரூபாய் வாங்கும் வீட்டில் ஆறு ஏக்கர் நன்செய் நாலரையாகிவிடும். உங்கள் தரவில் 5 ஏக்கருக்குச் சற்றுக் கீழே கூட்டமும் மேலே வெறுமையும் தெரிந்தால் காரணம் தேடி அலைய வேண்டாம்.

சமூகப் பிரிவு

கடைசியில் கேளுங்கள், நேராகக் கேளுங்கள், தெருவைப் பார்த்து ஊகிக்காதீர்கள். அரசுக் கணக்கெடுப்பின் பிரிவு பட்டியல் சாதி, பழங்குடி, மற்றவர் என்பது. சாதிப் பெயர் உங்கள் ஆய்வுக்குத் தேவையில்லை என்றால் கேட்கவே வேண்டாம். சட்டப்படி, கிறித்தவராக மாறிய ஆதிதிராவிடர் பட்டியல் சாதியில் வரமாட்டார். அவர் தம்மைப் பற்றிச் சொல்வது ஒரு கட்டத்தில், சான்றிதழில் உள்ளது இன்னொரு கட்டத்தில் இருக்கட்டும். இருளர் தமிழ்நாட்டில் பழங்குடியினர். புதுச்சேரியில் அந்தப் பட்டியலில் சேர்ந்தது 2016இல்தான். பழைய ஆவணத்தை வைத்து எழுதினால் எல்லையின் இரு பக்கத்து உறவினர்கள் இரு பிரிவாகிவிடுவார்கள்.

பயிற்சி, நேரம், கருவி

மூன்று நாள் பயிற்சி குறைந்தபட்சம்: ஒரு நாள் வரையறைகள், ஒரு நாள் நடித்துப் பார்ப்பது, ஒரு நாள் நிஜ வீடு. முன்னோட்டத்தை 15 வீட்டிலாவது செய்யுங்கள்; அதில் குத்தகை வீடு, பெண் நடத்தும் வீடு, கூட்டுப்பட்டா வீடு கட்டாயம் இருக்கட்டும். ஐந்து பேர் உள்ள வீட்டுக்கு 40, 50 நிமிடம் ஆகும். ஒருவர் நாளுக்கு ஆறு ஏழு வீட்டுக்கு மேல் முடித்துவந்தால் சந்தோஷப்படாதீர்கள், சந்தேகப்படுங்கள்.

மாதம் பார்த்துப் போங்கள். நெல் பக்கம் பொங்கல் கழிந்து சம்பா அறுவடை ஓய்ந்த பிப்ரவரி நல்லது. முந்திரி பக்கம் மார்ச் வந்துவிட்டால் வீட்டில் யாரும் இருக்கமாட்டார்கள். அதற்கு முன்பே முடியுங்கள். மாசி மகத்தன்று எங்கேயும் போக வேண்டாம். கூலிக்குப் போகிறவர்கள் வீட்டுக்கு மாலை நான்குக்கு மேல்தான் போக வேண்டும். காலை பத்து மணிக்குப் போய் ‘பூட்டிய வீடு’ என்று எழுதினால், அந்த ஊரில் விட்டுப்போவது ஏழைகள் மட்டும்தான். குறைந்தது மூன்று முறை, மூன்று வேறு நேரங்களில் போன பிறகே அந்தக் குறியீடு.

வாசலில் சொல்ல வேண்டியது: “இது மானியத்துக்கும் இல்ல, எதையும் நிறுத்துறதுக்கும் இல்ல. உங்க பேரு வெளிய போகாது. பிடிக்காத கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டாம்.” மானியம் வரும் என்று ஆசை காட்டினால் வீட்டு ஆள் எண்ணிக்கை கூடும், நிலம் குறையும்.

கோபோ டூல்பாக்ஸ், ஓடிகே போன்ற இலவசச் செயலிகள் இணைப்பு இல்லாத இடத்திலும் ஓடும். கேள்விகளைப் பேச்சுத் தமிழிலேயே ஏற்றுங்கள். இல்லாவிட்டால் ஒவ்வொருவரும் தமக்குத் தோன்றியபடி மாற்றிக் கேட்பார்கள். தாய்க்கும் பிள்ளைக்கும் வயது வித்தியாசம் 14க்குக் குறைந்தால் எச்சரிக்கை, வயதைவிடப் படித்த ஆண்டு அதிகமானால் எச்சரிக்கை, தலைவர் இருவர் என்றால் தடை. எச்சரிக்கைகளைத் தடையாக்காதீர்கள், தடையைத் தாண்டப் பொய் எண் போடுவார்கள், அது கண்ணுக்கே தெரியாது.

சரிபார்ப்பும் வெளியீடும்

பத்துக்கு ஒரு வீட்டுக்கு ஒரு வாரத்துக்குள் வேறொருவர் போய் ஆறே கேள்வி கேட்கட்டும்: ஆள் எண்ணிக்கை, கடைசிப் பிள்ளையின் வயது, வெளியே இருப்பவர், நிலத் துண்டுகள், பங்கு கொடுக்கும் துண்டு, கூலி யார் கொடுத்தார். ஆள் எண்ணிக்கை பத்தில் இரண்டு வீட்டில் மாறினால் அந்தக் கணக்கெடுப்பாளரின் முழுத் தொகுப்பையும் திரும்ப எடுங்கள். திருத்தி எழுதச் சொல்ல வேண்டாம்; மேசையில் உட்கார்ந்து திருத்தியதைவிடப் பிழையே மேல்.

வெளியிடும்போது ஊர்ப் பெயரோடு சிறிய எண்களைப் போடாதீர்கள். ஒரு ஊரில் பெண் சாகுபடியாளர் உள்ள பழங்குடி வீடு இரண்டுதான் என்றால் யார் என்பது ஊருக்கே தெரியும். ஐந்துக்குக் குறைந்த கட்டங்களைக் குறுவட்டத்தோடு சேர்த்துவிடுங்கள். குத்தகைத் துண்டுகளின் சர்வே எண் எந்த அட்டவணையிலும், எந்த வரைபடத்திலும் வரக்கூடாது. பெயர், தொலைபேசி எண், இருப்பிடப் புள்ளி மூன்றையும் தனிக் கோப்பாக்கிப் பூட்டுங்கள். ஆய்வுக் கோப்பில் வீட்டு எண் மட்டும் இருக்கட்டும். அதோடு எந்தப் பசலிக்கான கணக்கு, எந்தத் தேதியில் எடுத்த ஆள் பட்டியல், காணிக்கு எத்தனை சென்ட் வைத்தீர்கள், ஆறு மாத விதியை எப்படிப் பயன்படுத்தினீர்கள் என்று ஒரே பக்கத்தில் எழுதி அந்தக் கோப்போடு சேர்த்து வையுங்கள்.